கத்தி திறக்கும், லேசர் அடைக்கும்

ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையிலிருந்து கதீட்ரல் சாலைப் பக்கம் நடந்தால் 'லேசர்' என்ற சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடியைக் கழற்ற லேசர், தழும்பு மறைய லேசர், வேண்டாத முடியை நீக்க லேசர், பல்லுக்கும் லேசர். கத்தி படாது, ரத்தம் வராது, மாலையே வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான் அந்தச் சொல்லுக்குச் சென்னைவாசி கற்றுக்கொண்டிருக்கும் பொருள். ஆகவே சில மாதமே ஆன குழந்தையின் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், "கத்தி வைக்காம லேசர்லயே பண்ணிட முடியாதா டாக்டர்?" என்று பெற்றோர் கேட்பது இயல்பு.

நியாயமான கேள்விதான். ஆனால் கண் அழுத்த நோயான குளுக்கோமா குழந்தைகளுக்கு வரும்போது நாம் பழகிய வரிசை தலைகீழாகிறது. இங்கே கத்தி சீர்செய்கிறது; லேசர் அழிக்கிறது. கத்தி கண்ணின் இயற்கையான வடிகாலைத் திறக்கப் பார்க்கிறது. லேசரோ கண்ணுக்குள் நல்லபடியாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு திசுவைச் சுட்டுக் கருக்குகிறது. அதனால்தான் கத்தி முதலிலும் லேசர் கடைசியிலும் நிற்கின்றன. ஏன் அப்படி, அந்தக் கடைசி இடத்திலிருந்து லேசர் எப்படிச் சில கண்களைக் காப்பாற்றுகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

பெரிய கண்

நம் கண்ணுக்குள் இடைவிடாமல் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் அல்ல இது. கருவிழிக்குப் பின்னால், வெளியே தெரியாமல் ஓடும் நீர். கண்ணின் நிறப்படலத்துக்குப் பின்புறம் வளையமாக அமைந்திருக்கும் சிலியரி திசு இதைச் சுரக்கிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.5 மைக்ரோலிட்டர், ஒரு நாள் முழுவதும் சேர்த்தால் மூன்றரை மில்லி லிட்டர் அளவுக்கு வரும். லென்சுக்கும் கருவிழிக்கும் ரத்தக் குழாய் கிடையாது. அவற்றுக்கு உணவு கொண்டுபோவதில் பெரும் பங்கு இந்த நீருக்கு. அது கண்ணின் பாப்பா வழியாக முன்பக்கம் வந்து, கருவிழியும் நிறப்படலமும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலக்கிறது. ஊறுவதும் வடிவதும் சமமாக இருக்கும்வரை கண்ணின் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும்.

சில குழந்தைகளுக்குக் கருவிலேயே அந்தச் சல்லடை சரியாக வளர்வதில்லை. நீர் ஊறுகிறது, வடிய வழியில்லை. அழுத்தம் ஏறுகிறது. பெரியவர் கண்ணாக இருந்தால் சுவர் கெட்டி. அழுத்தம் முழுவதும் பின்னாலிருக்கும் பார்வை நரம்பின் மேல் விழும். குழந்தையின் கண் சுவர் ஏறக்குறைய மூன்று வயதுவரை நெகிழ்ந்து கொடுக்கும். ஆகவே அழுத்தம் ஏற ஏறக் கண்ணே பெரிதாகிறது.

ஆபத்து இங்கேதான் வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. மீனாட்சி, விசாலாட்சி, காமாட்சி என்று கண்ணை வைத்தே தெய்வத்துக்குப் பெயரிட்ட ஊர் நமது. 'குழந்தைக்கு என்ன பெரிய கண்ணு!' என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்ல, பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுகிறாள். கண் ஏன் பெரிதாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். முதல் பிறந்தநாளுக்குள் அது 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவருக்குச் சந்தேகம் வர வேண்டும்.

வேறு அறிகுறிகளும் உண்டு. வெளிச்சத்தைக் கண்டால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இமையை இறுக்கி மூடிக்கொள்ளும். கண்ணில் நீர் வடியும். கருவிழியின் கறுப்பு மங்கி, பனி படிந்தாற்போல வெளுக்கும். நீர் வடிவதை மட்டும் பார்த்து, கண்ணீர்ப்பாதை அடைப்பு என்று எண்ணி மூக்கோரத்தை நீவிவிட்டபடி மாதங்களைக் கடத்திவிடும் குடும்பங்கள் உண்டு. கண்ணீர்ப்பாதை அடைப்பில் பூளை தள்ளும். ஆனால் வெளிச்சம் கூசாது, கருவிழி மங்காது. கூச்சமும் மங்கலும் சேர்ந்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்கக் கூடாது.

மெட்ராஸில் போட்ட துளை

வடிய வழியில்லாத கண்ணுக்கு வழி செய்து கொடுக்கும் கதையில் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. 1819இல் ராயப்பேட்டையில் தொடங்கப்பட்ட கண் மருத்துவமனை, பின்னர் எழும்பூருக்கு இடம் மாறியது. லண்டனின் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகின் பழைமையான கண் மருத்துவமனையாக அதைச் சொல்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ராணுவ மருத்துவர்.

மெட்ராஸ் மாகாணத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் குளுக்கோமா நோயாளிகள் அவரிடம் வந்தார்கள். தினமும் சொட்டு மருந்து போட்டு, மாதந்தோறும் வந்து போக அவர்களுக்கு வசதியில்லை. ஒரே தடவையில் நெடுநாள் பலன் தரும் அறுவை தேவைப்பட்டது. 1909இல் எலியட் ஒரு முறையை அறிவித்தார். கருவிழியும் வெள்ளை விழியும் கூடும் விளிம்பில், வட்டமான சிறு வெட்டுக்கருவியால் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டு, மேலே மெல்லிய சவ்வை மூடிவிடுவது. உள்ளிருக்கும் நீர் துளை வழியே கசிந்து சவ்வுக்கு அடியில் தேங்கி, மெல்ல உறிஞ்சப்படும். 'எலியட் டிரெஃபைன்' என்ற பெயரில் இந்த மெட்ராஸ் முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது.

எலியட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓய்வுபெற்று லண்டன் போன பிறகு அங்குள்ள மந்திர வித்தைக்காரர்களின் சங்கத்தில் முக்கியப் பொறுப்பு வகித்தார். இந்தியக் கயிற்று வித்தையைத் தன் கண்முன் செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று 1930களில் அந்தச் சங்கம் அறிவித்தபோது அதன் பின்னால் நின்றவர் அவர்தான். பரிசை யாரும் வாங்கவில்லை. மாயத்தை நம்பாமல் சோதித்துப் பார்க்கும் அந்தப் புத்தி, லேசர் என்றாலே மயங்கும் நமக்கும் கொஞ்சம் தேவை.

எலியட்டின் துளைக்குக் குறையும் இருந்தது. சவ்வு மெலிந்து, அதன் வழியே கிருமி உள்ளே புகும் அபாயம். பின்னர் 1968இல் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ் விவரித்த டிராபெகுலெக்டமி என்ற அறுவை, துளைக்கு மேல் வெள்ளை விழியையே பாதித் தடிமனில் மூடியாக வைத்து இந்தக் குறையைக் குறைத்தது. இரண்டின் அடிப்படை எண்ணமும் ஒன்றே: ஊற்றில் கை வைக்காதே, வடிகாலைத் திற.

குழந்தைக்கு ஏன் முதலில் கத்தி

பெரியவர்களுக்குக் குளுக்கோமா என்றால் முதலில் சொட்டு மருந்து, சிலருக்கு வடிகால் சல்லடையின் மேல் லேசர், அதற்குப் பிறகே அறுவை. சல்லடையில் லேசர் போட வேண்டுமானால் நோயாளி கருவியின் முன் தாடையை வைத்து அசையாமல் உட்கார வேண்டும். கைக்குழந்தையிடம் அது நடக்காது. அதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. அந்த லேசர், வளர்ந்து முடிந்து, வயதாகி மந்தமான சல்லடையைத் தூண்டிவிடுவது. வளரவே செய்யாத சல்லடையில் தூண்டுவதற்கு ஒன்றுமில்லை.

கத்தியிடம் அதற்கு விடை இருந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஓட்டோ பார்கன், 1930களின் பிற்பகுதியிலிருந்து, கருவிழியின் மேல் ஒரு லென்சை வைத்துக் கோணத்தை நேரில் பார்த்தபடி, நுண்ணிய கத்தியால் அந்த வளர்ச்சியற்ற திசுவைக் கீறிவிட்டார். கோனியாட்டமி என்று பெயர். அதுவரை பார்வையிழப்புக்கே இட்டுச்சென்ற நோய் இந்தக் கீறலால் பல குழந்தைகளிடம் அடங்கியது. கருவிழி மங்கியிருந்தால் உள்ளே பார்த்துக் கீற முடியாது. அதற்காக 1960இல் வெளிப்பக்கத்திலிருந்தே வடிகால் குழாயைக் கண்டுபிடித்துத் திறக்கும் டிராபெகுலாட்டமி வந்தது.

இந்தியக் குழந்தைகள் பெரும்பாலும் கருவிழி மங்கிய நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் அனில் குமார் மண்டல், டிராபெகுலாட்டமியையும் டிராபெகுலெக்டமியையும் ஒரே அமர்வில் சேர்த்துச் செய்யும் முறையை நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் செய்து நிலைநிறுத்தினார். அதற்காக 2003இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது பெற்றார். பிறந்து சில நாட்களே ஆன சிசுவுக்கும் இதைச் செய்யலாம் என்பது அவர் அனுபவம்.

அதே ஹைதராபாத் குழு ஆந்திரத்தில் எடுத்த கணக்கு நமக்கும் எச்சரிக்கை: அங்கே 3,300 பிறப்புக்கு ஒரு குழந்தைக்குப் பிறவிக் குளுக்கோமா. மேலை நாடுகளில் 10,000 பிறப்புக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் உறவுக்குள் திருமணம். 1997இல் இந்த நோயோடு தொடர்புள்ள சி.ஒய்.பி.1பி1 என்ற மரபணு கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான பிரதிகள் சேர்ந்தால்தான் நோய் வரும். தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும் குடும்பத்தில், ஒரே தாத்தாவின் பழுதான பிரதி இரு பக்கமும் வந்து சேர வாய்ப்பு அதிகம். இத்தகைய திருமணம் இந்தியாவிலேயே மிகுந்திருக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

முரண்டு பிடிக்கும் கண்கள்

முதல் அறுவையிலேயே அழுத்தம் அடங்கிவிட்டால் லேசர் பேச்சே எழாது. எழுவது இரண்டு, மூன்று அறுவைக்குப் பிறகும் அழுத்தம் இறங்காத கண்களில். இவற்றை மருத்துவர்கள் 'ரிஃப்ராக்டரி' என்பார்கள்.

குழந்தையின் உடல் காயத்தை ஆற்றுவதில் மகா சுறுசுறுப்பு. முழங்காலில் சிராய்த்தால் அது வரம். கண்ணில் வேண்டுமென்றே போட்ட துளைக்கு அதுவே சாபம். வடிகாலைத் தழும்புத் திசு சூழ்ந்து மூடிவிடுகிறது. அதைத் தடுக்க மைட்டோமைசின் போன்ற மருந்தை அறுவையின்போது தடவுகிறார்கள்; அப்படியும் சில கண்கள் மூடிக்கொள்கின்றன.

பிறவிக் கண்புரை அறுவைக்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து வரும் குளுக்கோமா இன்னொரு கடினமான வகை. முகத்தின் ஒரு பக்கம் சிவந்த மச்சத்தோடு பிறக்கும் ஸ்டர்ஜ்-வெபர் குழந்தைகள், நிறப்படலமே இல்லாமல் பிறப்பவர்கள், கருவிழி அமைப்பே குலைந்து பிறப்பவர்கள், கண்ணுக்குள் தீராத அழற்சி உள்ளவர்கள் என்று பட்டியல் நீளும். கருவுற்ற தாய்க்கு ருபெல்லா வந்தால் குழந்தைக்குப் புரையும் குளுக்கோமாவும் சேர்ந்து வரலாம். தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் இந்தியாவில் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடு இருந்தது. அந்த ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகள் தாயாகும்போது இந்த வகைக் கண்கள் குறையும்.

நாமே உண்டாக்கும் வகையும் ஒன்று உண்டு. வெயிலும் தூசியும் நிறைந்த ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் அரிப்பு சகஜம். ஒருமுறை மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, அரிக்கும் போதெல்லாம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடுவார்கள். அரிப்பு அடங்கும், அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையின் கண் வெளியில் தெரியும்படி பெரிதாகாது. பார்வை சுருங்கிய பிறகுதான் தெரியவரும்.

ஊற்றில் கை வைப்பது

வடிகாலைத் திறக்க எடுத்த முயற்சிகள் தோற்றால் மிச்சமிருப்பது ஊற்றைக் குறைப்பது. சிலியரி திசுவின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்தால் நீர் குறைவாக ஊறும், அழுத்தம் இறங்கும். இந்த யோசனைக்குத் தொண்ணூறு வயதாகிறது. 1930களில் ஐரோப்பாவில் வேவேயும் ஃபோக்ட்டும் மின்வெப்பத்தால் அந்தத் திசுவைச் சுட்டார்கள். 1950இல் இத்தாலியின் பியெட்டி கடும் குளிரால் உறையவைத்தார். இரண்டும் முரட்டு வழிகள். வலி, வீக்கம், உள்ளே ரத்தக்கசிவு, சில வேளைகளில் கண்ணே சுருங்கிப்போவது எனப் பக்கவிளைவு மலிந்தவை. 1970களில் ரூபி லேசரால் முயன்றார்கள். 1990களில் 810 நானோமீட்டர் அலைநீளமுள்ள டயோடு லேசர் வந்த பிறகே இந்தச் சிகிச்சை கையாளத்தக்கதானது.

810 நானோமீட்டர் என்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. வெள்ளை விழியை அது அதிகம் தொந்தரவு செய்யாமல் ஊடுருவும். உள்ளே சிலியரி திசுவில் மெலனின் என்ற நிறமி நிறைந்த செல்கள் இருக்கின்றன. அந்த நிறமி ஒளியை உறிஞ்சிச் சூடாகி, தன்னையும் பக்கத்தில் நீர் சுரக்கும் செல்களையும் கருக்குகிறது. வெளிச்சுவரில் வெட்டு இல்லை, தையல் இல்லை. கருவியும் பெட்டியில் எடுத்துச் செல்லும் அளவுக்குச் சிறியது.

குழந்தைக்கு இது முழு மயக்கத்தில்தான் நடக்கும். மயக்கம் கொடுத்ததும் முதல் வேலை அழுத்தத்தை அளப்பது. பெரும்பாலான மயக்க வாயுக்கள் கண் அழுத்தத்தை இறக்கிக் காட்டும், கீட்டமின் ஏற்றிக் காட்டும். ஆகவே எப்போது, எந்த மருந்துக்குப் பிறகு அளந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். கருவிழியின் குறுக்களவு, கண்ணின் நீளம், பார்வை நரம்பின் குழிவு எல்லாம் அதே அமர்வில் பதிவாகும்.

அடுத்தது இலக்கைத் தேடுவது. சாதாரணக் கண்ணில் கருவிழி விளிம்பிலிருந்து 1.2 மில்லிமீட்டர் பின்னால் லேசர் முனை நிற்கும்படி கருவியே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அழுத்தத்தால் பெரிதாகிவிட்ட குழந்தைக் கண்ணில் எல்லாம் இழுபட்டு இடம் மாறியிருக்கும். வழக்கமான அளவை நம்பினால் சுட வேண்டிய இடம் தப்பிவிடும். அதனால் அறை விளக்கை அணைத்து, கண்ணின் ஒரு பக்கம் சிறு விளக்கை வைத்து ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். சுவர் வழியே செந்நிறமாய் ஒளி கசியும். சிலியரி திசு இருக்கும் இடம் கறுப்புப் பட்டையாகத் தெரியும். அதை அடையாளம் வைத்துக்கொண்டு முனையைப் பொருத்துகிறார்கள்.

ஒவ்வொரு புள்ளியிலும் ஏறக்குறைய 1500 முதல் 2000 மில்லிவாட் வரையிலான சக்தி, சுமார் 2 விநாடி. வளையத்தைச் சுற்றிப் பதினைந்து, இருபது புள்ளிகள். கடிகார முகப்பில் 3 மணி, 9 மணி இருக்கும் இடங்களை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அவ்வழியேதான் முக்கிய நரம்பும் ரத்தக் குழாயும் போகின்றன. முழு வட்டத்தையும் சுடாமல் ஒரு கால்வாசியைத் தொடாமல் விடுவதும் வழக்கம்.

சக்தி சரியான அளவா என்று எப்படித் தெரியும்? சுடப்படும் திசுவை மருத்துவர் பார்க்க முடியாது. அவருக்குக் கிடைக்கும் ஒரே தகவல் ஒலி. சூடு எல்லை மீறினால் திசுவிலுள்ள நீர் ஆவியாகி, தாளிப்பில் கடுகு வெடிப்பதுபோல 'பட்' என்று கேட்கும். கேட்டால் சக்தியைக் குறைக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கொஞ்சம் ஏற்றிப் பார்த்து, வெடிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது ஒரு வழி. சக்தியைக் குறைத்து நேரத்தை நான்கு விநாடியாக நீட்டி, வெடிக்காமலே மெல்லச் சுடுவது இன்னொரு வழி. நிறமி அடர்ந்த நம் கண்கள் ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் வெளிர்நிறக் கண்களைவிடக் குறைந்த சக்தியே போதும். வெளிநாட்டு அட்டவணையை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது.

எவ்வளவு சுட்டால் போதும்

இதுதான் இந்தச் சிகிச்சையின் மையச் சிக்கல். அதிகம் சுட்டால் ஊற்று வற்றிவிடும். அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்து கண் சுருங்கத் தொடங்கும். அதை மீட்பது மிகக் கடினம். குறைவாகச் சுட்டால் சில மாதங்களில் அழுத்தம் பழையபடி ஏறும். இரண்டில் எது பரவாயில்லை? குறைவாகச் சுட்டதை மறுபடி செய்யலாம்; அதிகம் சுட்டதைத் திருப்ப முடியாது. அதனால் குழந்தைகளிடம் கை அடக்கியே தொடங்குகிறார்கள்.

குழந்தை உடலின் அதே சுறுசுறுப்பு இங்கும் குறுக்கே வருகிறது. கருகிய திசு ஓரளவு மீண்டு எழுந்து மறுபடி நீர் சுரக்கிறது. ஒரே அமர்வில் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்க்கிறது. பல குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று முறை செய்ய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு மயக்கம், ஒரு வார அழற்சி, ஸ்டீராய்டும் அட்ரோபினும் சொட்டு மருந்தாக. விழித்திரை கழன்றுகொள்ளும் அபாயமும் உண்டு. அதனால் உலக குளுக்கோமா சங்கம் 2013இல் குழந்தைக் குளுக்கோமா பற்றிக் கூட்டிய நிபுணர் குழுவும் இந்த லேசரை மற்ற வழிகள் தோற்ற அல்லது பொருந்தாத கண்களுக்கே ஒதுக்கியது.

பார்க்காமல் சுடுவதை மாற்றலாமே என்று 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மார்ட்டின் யுராம், லேசர் இழையையும் கேமராவையும் ஒரே மெல்லிய குழாயில் சேர்த்துக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினார். திசுவைத் திரையில் பார்த்தபடி, வெளுக்கும் வரை மட்டும் சுடலாம். ஆனால் இதற்குக் கண்ணைத் திறந்தாக வேண்டும். சொந்த லென்ஸ் இருக்கும் கண்ணில் குழாய் அதை உரசிப் புரை உண்டாக்கலாம். அதனால் புரை அறுவையில் லென்ஸ் ஏற்கெனவே நீக்கப்பட்ட குழந்தைகளுக்கே இது அதிகம் பொருந்துகிறது.

2010 வாக்கில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து இன்னொரு வழி வந்தது. அதே 810 நானோமீட்டர் ஒளி. ஆனால் தொடர்ச்சியாக இல்லாமல் அரை மில்லி விநாடி எரிந்து, 1.1 மில்லி விநாடி அணைந்து, மறுபடி எரியும். அணைந்திருக்கும் இடைவெளியில் திசு ஆறிவிடுவதால் கருகுவதில்லை, வெடிப்பொலியும் இல்லை. மைக்ரோபல்ஸ் என்று பெயர். வலியும் அழற்சியும் குறைவு. ஆனால் பெரியவர்களிடம் கிடைத்த அளவுக்குப் பலன் குழந்தைகளிடம் நீடிக்கவில்லை என்று பின்னர் வந்த ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. மென்மையாகச் சுட்டால் குழந்தைத் திசு சீக்கிரம் மீண்டுவிடுவது காரணமாக இருக்கலாம்.

மதுரையிலிருந்து வந்த தகடு

லேசருக்கு முன்னால் இன்னொரு படி உண்டு: மெல்லிய சிலிக்கோன் குழாயைக் கண்ணுக்குள் செருகி, மறுமுனையில் உள்ள தகட்டைக் கண்ணின் பின்பக்கம் சவ்வுக்கு அடியில் பொருத்துவது. நீர் குழாய் வழியே போய்த் தகட்டைச் சுற்றித் தேங்கி உறிஞ்சப்படும். தழும்பு துளையை மூடினாலும் குழாயை மூடுவது கடினம். இறக்குமதியாகும் இந்தக் கருவிகளின் விலை ஏழைக் குடும்பத்துக்கு எட்டாதது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப், 2013இல் 350 சதுர மில்லிமீட்டர் தகடு கொண்ட சொந்தக் கருவியைக் கொண்டுவந்து, விலையைப் பல மடங்கு குறைத்தது. சண்டிகர் மருத்துவர்கள் அதை முரண்டு பிடிக்கும் குழந்தைக் கண்களில் பொருத்திப் பார்த்து, நல்ல முடிவு கிடைத்ததாக எழுதினார்கள்.

இதன் பொருள் பெரியது. குழாய் வாங்க முடியாததால் மட்டும் லேசருக்குத் தள்ளப்பட்டிருக்கக்கூடிய கண்களால் இன்று ஒரு படி முன்னாலேயே நிற்க முடிகிறது. லேசர் தன் உரிய இடத்துக்குப் போகிறது: குழாய் பொருத்த முடியாதபடி சவ்வு முழுவதும் தழும்பாகிவிட்ட கண், குழாயும் தோற்ற கண், நீண்ட அறுவையைத் தாங்க முடியாத உடல்நிலையுள்ள குழந்தை, பார்வை போய்விட்டாலும் வலியால் துடிக்கும் கண். கடைசி வகையில் லேசர் பார்வையைத் தருவதில்லை. வலியில்லாத இரவைத் தருகிறது. அதுவும் மருத்துவம்தான்.

அழுத்தம் இறங்கிய பிறகு

அழுத்தம் 15க்கு வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் குடும்பம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. வேலை அங்கே பாதிதான் முடிந்திருக்கிறது. பெரிதாகிப்போன கண்ணுக்குக் கிட்டப்பார்வை மிகுந்திருக்கும். கருவிழி தழும்பால் கோணலாக இருக்கும். சரியான கண்ணாடி போடாவிட்டால், ஒரு கண் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிப் பழக்காவிட்டால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணித்துவிடும். இந்தப் பயிற்சி ஏழெட்டு வயதுக்குள் நடந்தால்தான் முழுப் பலன்.

பார்வை ஓரளவு குறைந்தே நின்றுவிடும் குழந்தைகளும் உண்டு. சென்னையில் கண் மருத்துவமனையும் இருக்கிறது, பார்வையற்ற மாணவர்கள் படிக்கும் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட்டும் இருக்கிறது. ஒன்று தோற்றால் மற்றொன்று என்று நினைக்க வேண்டியதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்துப் புத்தகம், வகுப்பில் முன்வரிசை, கைப்பேசியின் வாசிப்புக் குரல் ஆகியவற்றைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கலாம்.

பரிசோதனைக்கும் முடிவே கிடையாது. பத்து ஆண்டு அடங்கியிருந்த அழுத்தம் பதினைந்து வயதில் ஏறலாம். முன்பு ஒவ்வொரு அளவுக்கும் மயக்கம் கொடுத்தார்கள். இப்போது கருவிழியை நொடியில் தொட்டுத் திரும்பும் சிறு முனையுள்ள ரீபவுண்ட் டோனோமீட்டர், சொட்டு மருந்தே போடாமல், விழித்திருக்கும் குழந்தையிடமே அளக்க உதவுகிறது. பழைய அறுவை விவரம், எத்தனை புள்ளிகள், எவ்வளவு சக்தி என்ற லேசர் குறிப்பு, அழுத்த எண்கள் எல்லாம் அடங்கிய கோப்பு குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும், அடுத்து எவ்வளவு சுடலாம் என்று முடிவெடுக்க அதுதான் ஆதாரம்.

பெற்றோர் இருவரும் பழுதான பிரதியைச் சுமப்பவர்கள் என்றால் அடுத்த குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்தக் குழந்தை பிறந்த முதல் வாரத்திலேயே, நீர் வடியும்வரை காத்திராமல், கண் பெரிதாகிறதா என்று பார்த்திராமல், கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கருவிழி மங்குவதற்குள் வரும் கண்ணில் முதல் கீறலே பல சமயம் போதும். கண் மருத்துவத்தில் லேசருக்கு எத்தனையோ நல்ல வேலைகள் உண்டு. இந்த ஒரு நோயில் அதன் தேவையைக் குறைப்பதுதான் வெற்றி.